சாகப்போகிறவளுக்கு ஒரு முட்டை

எழுபதைத் தாண்டியும் இங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும் என் சகாக்களே, ஒரு புத்திமதி. ராத்திரியில் வியர்த்துக் கொட்டி, பனியன் முதுகோடு ஒட்டி, கூடவே ஒரு பானைச் சோற்றை விழுங்கும் பசியும் எடுத்தால், தயவுசெய்து அதைக் காப்பிக் கடையில் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு கோப்பை காப்பி ஆறுவதற்குள் எனக்கு நாலு வியாதி வந்துவிட்டது. முன்னாள் தலைமையாசிரியர் "தைராய்டு" என்றார். பஸ் ஓட்டியவர் குரலைத் தாழ்த்தி, "டீபியா இருக்கும், எதுக்கும் கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றார். நகைக்கடைக்காரர், "மனக்கவலைதான். பையன் வீட்டை எழுதிக் கேக்குறானா?" என்றார். நாலாமவர் என் தட்டிலிருந்த ரொட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "சுகர் ஏறிப்போச்சு. இனிமே இதெல்லாம் உனக்கு ஆகாது" என்றார்.

இதில் எரிச்சல் என்னவென்றால், மறுநாள் கிளினிக்கில் சின்ன வயது மலாய் டாக்டரம்மாவும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். கழுத்திலுள்ள சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால் வியர்க்கும், பசிக்கும். காசநோயிலும் ராத்திரி வியர்க்கும். ஆனால் அதில் பெரும்பாலும் பசி போய்விடும். நான் ஏற்கெனவே போடும் சர்க்கரை மாத்திரை அதிகமாகித் தூக்கத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கினாலும் வியர்க்கும், பசிக்கும், கை நடுங்கும். கவலையும் உண்டு. "ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம், பாக்சிக்" என்று மலாயில் மாமா முறை வைத்துச் சொல்லி, என் கழுத்தைத் தடவி எச்சில் விழுங்கச் சொன்னார். இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்.

தாள் ஆடியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரம்மா முறைத்தார். அவரிடம் அப்போது எப்படிச் சொல்வது, அந்தத் தாளையும் அந்த முறைப்பையும் நான் ஜப்பான்காரன் வந்து போன காலத்திலிருந்தே அறிவேன் என்று?

காஜா பேராங் பகுதியில், செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பின் பின்வேலியை ஒட்டி எங்கள் பலகை வீடு. அப்பா ஒரு துணிக்கடையில் துணி அளப்பவர். கடையில் துணி தீர்ந்துபோய், வெறும் கஜக்கோலைத் துடைத்துத் துடைத்து வைத்துவிட்டு வருவார். அப்புறம் அம்மா, அம்மாவின் தங்கையான என் சித்தி, நான். எங்கள் எல்லோருக்கும் மேலே அத்தை: அப்பாவின் அக்கா, புருஷனை ரப்பர் தோட்டத்தில் பறிகொடுத்துவிட்டு வந்தவள். சித்திக்கும் அவள் அத்தைதான். ஊரை ஜப்பான்காரன் வாளால் ஆண்டான். அடுப்படியை அத்தை சிரட்டை அகப்பையால் ஆண்டாள். யாருக்கும் ஒரு பருக்கை கூடாமல் குறையாமல் அள்ளும் அகப்பை அது. காம்பு கருத்து, ஓரம் தேய்ந்து, முகர்ந்தால் பழைய ரசத்தின் வாசனை வரும். ரசமே இல்லாத நாட்களில் நான் அதை முகர்ந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், நீங்களும் எதையாவது முகர்ந்திருப்பீர்கள்.

சுண்ணாம்பு வாடையடிக்கும் ரேஷன் அரிசி அபூர்வம். மற்றபடி மரவள்ளிதான். அவித்த மரவள்ளி, காய்ந்த மரவள்ளி, மரவள்ளி மாவில் சுட்ட, கடித்தால் செருப்புத் தோல் மாதிரி இழுத்துக்கொண்டு வரும் ஒரு வட்டமான பொருள். அத்தை அதைத் "தோசை" என்று கூப்பிடுவாள். அது ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. யாரைக் கண்டாலும் "பசியாறியாச்சா?" என்று கேட்பது நம் ஊர் மரியாதை அல்லவா? அந்த மரியாதையை அப்போது எல்லோரும் நிறுத்திவைத்திருந்தார்கள். எதிராளி "இல்லை" என்று சொல்லித் தொலைத்தால் என்ன செய்வது?

இப்படிப்பட்ட வீட்டில் சித்திக்குப் பசி எடுத்தது. பசி எல்லோருக்கும்தான். எங்கள் பசி, மூலையில் சுருண்டு படுத்திருக்கும் நாய். சித்தியின் பசி, கட்டை அறுத்துக்கொண்டு ஓடும் மாடு. தன் பங்கைத் தின்றுவிட்டுப் பானை அடியைச் சுரண்டுவாள். மரவள்ளித் தோலின் உட்பக்கத்தை வேகவைத்துத் தின்பாள். தின்னத் தின்ன இளைத்துக்கொண்டே போனாள். கல்யாண வயதுப் பெண்ணின் வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. விடிந்ததும் பார்த்தால், அவள் படுத்த பாயில் அவள் உருவமே ஈரமாகப் படிந்திருக்கும்: தலை, தோள், மடக்கிய முழங்கால். அம்மா அந்தப் பாயை வேலியில் போட்டுக் காயவைப்பாள். சித்தி தண்ணீர் குடித்தால் தம்ளர் பல்லில் பட்டுக் கிணுகிணுக்கும். கண்கள் வேறு வெளியே பிதுங்கிக்கொண்டு வந்தன. அதனால் அவள் யாரைப் பார்த்தாலும் முறைப்பது மாதிரியே இருக்கும்.

"என்னத்த முறைக்கிற? நான் என்ன ஒஞ்சொத்தையா தின்னுட்டேன்?" என்பாள் அத்தை.

"நான் சும்மாத்தான் பாக்குறேன், அத்தை."

"இதுதான் சும்மா பாக்குறதா? கோவத்துல பாத்தா வீடே எரிஞ்சிரும் போல!"

வியாதி என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இல்லை, எல்லோருக்கும் தோன்றியது, ஆளுக்கு ஒன்றாக. அத்தைக்கு அது திருட்டுத் தீனி. அம்மாவுக்கு உடம்புச் சூடு. சித்தி தலையில் செம்பனை எண்ணெயை அப்பிவிட்டாள், தலையணை எல்லாம் மஞ்சள். அப்பாவுக்குப் பூச்சி. அவர் நியாயவான், ஒருத்திக்குப் பூச்சி என்றால் வீட்டுக்கே விளக்கெண்ணெய் என்று என் மூக்கைப் பிடித்தும் ஊற்றினார். நாலாவதாக ஒரு சந்தேகம் இருந்தது. அதைப் பேசுவதற்கு முன்னால் என்னை வாசலுக்கு அனுப்பிவிடுவார்கள். வாசலில் நின்றுதான் நான் அதைத் தெளிவாகக் கேட்டேன், புரியத்தான் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்பீர்கள். அங்கே மருந்தில்லை. காசம் என்று சொல்லி எங்காவது கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயம் மட்டும் நிறைய இருந்தது.

எனவே பெரியவர்கள், எந்த வியாதிக்கும் கைவசம் இருந்த மருந்தை எடுத்தார்கள்: கல்யாணம்.

கிளேபாங்கில் தென்னையும் கோழியும் வைத்திருந்த ஒருவர். மனைவி போய்விட்டாள். காரணத்தை யாரும் சொல்லவில்லை. அவருடைய வீட்டில் நாளைக்கு ஒரு வேளைக் கஞ்சிதான் என்று வேலைக்காரி ஒருத்தி ஓடிப்போன கதையைத்தான் ஊர் சொன்னது. பெண் பார்க்க அவரும் அவர் தமக்கையும் வந்தார்கள். விருந்தாளிகளுக்கென்று அத்தை எங்கிருந்தோ பிடித்த சர்க்கரைவள்ளியை அவித்து வைத்திருந்தாள். தட்டை ஏந்திக்கொண்டு அடுப்படியிலிருந்து கிளம்பிய சித்தி, கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது தட்டில் தோல்தான் இருந்தது.

தமக்கைக்காரி சித்தியை மேலும் கீழும் பார்த்தாள். "பொண்ணு என்னங்க, இப்படி முறைக்குது?"

"கூச்சம்" என்றாள் அத்தை.

"நெத்தியெல்லாம் தண்ணியா ஊத்துது?"

"அதுவும் கூச்சம்தான்."

"கெழங்கு எங்க?"

அத்தையிடம் மூன்றாவது கூச்சம் இல்லை. ஆனாலும் மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டது. தோப்பு வேலைக்குக் கை வேண்டும். வெற்றிலை பாக்கோடு ஒரு பெட்டைக்கோழியையும் கொடுத்துவிட்டு, தை பிறந்ததும் கல்யாணம் என்று போய்விட்டார்கள். அன்று சித்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஒருவேளைக் கஞ்சியில நான் எத்தன நாளைக்கு இருப்பேன்? அங்க போனா செத்துருவேங்கா" என்றாள். அம்மா அழுதாள். அம்மாவால் முடிந்தது அதுதான். அகப்பை அவள் கையில் இல்லை.

சில நாட்கள் கழித்து, வேலியோரம் போன அத்தை தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"போச்சுடா தம்பி! பக்கத்து வீட்டு பீபிக் சொல்லிட்டாங்கடா! அந்தப் பாயைத் தொட்டுப் பாத்தாங்க, இவ தின்கிற கதையைக் கேட்டாங்க. ஒரே வார்த்தை. 'இனி சாக'ன்னுட்டாங்க!"

பீபிக் என்று நாங்கள் அழைத்தது செட்டிக் கம்பத்து மூத்த பெண்மணியை. அந்தக் கம்பத்தார் தமிழ் வம்சம், கும்பிடுவது நம் சாமி, பேச்சு மட்டும் தலைமுறைகளாக மலாய். சாரோங் கைலியும் கெபாயாச் சட்டையுமாக, கொண்டையில் பூவோடு, வெற்றிலைச் சிவப்பு வாயோடு இருப்பார். தெருவுக்கே நல்லது கெட்டது சொல்பவர்.

அப்பாவுக்கு ஒரு சந்தேகம். "அவங்களுக்குத் தமிழ் வராதேக்கா?"

"சாவு வார்த்தையுமா மறந்துபோவும்? கோயில்ல சாமி பேரெல்லாம் தமிழ்லதான சொல்றாங்க! தெளிவா, என் மொகத்தப் பாத்து, 'இனி சாக'. அதுக்கு மேல பேசல, பாவம்."

அத்தை அடுப்படிக்குப் போய் அகப்பையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சாகப்போகிற பெண்ணையா பானை சுரண்டியதற்கு வைதோம் என்ற அழுகை. இதற்கு முன்னும் பின்னும் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. மறுநாளிலிருந்து அகப்பை திசை மாறியது. அடியில் கிடக்கும் கெட்டியெல்லாம் சித்தி தட்டுக்கு. எங்களுக்கு மேலாக மிதக்கும் தண்ணீர். கிளேபாங்குக்கும் ஆள் போயிற்று: சாகப்போகிற பெண்ணைக் கட்டிக்கொடுத்த பாவம் எங்களுக்கு வேண்டாம். மாப்பிள்ளை அனுதாபம் சொல்லிவிட்டுக் கோழியைத் திருப்பிக் கேட்டார்.

"அது செத்துப்போச்சுன்னு சொல்லிடு" என்றாள் அத்தை.

ஆக, எங்கள் வீட்டில் செத்துப்போன கோழி முட்டை போட்டது. சாகப்போகிற சித்தி அதைத் தின்றாள்.

முட்டை! சகாக்களே, மரவள்ளியால் மரத்துப்போன நாக்குக்கு எதிரே, அவித்த முட்டையின் அந்த வாடை. எனக்குத் தாங்கவில்லை. சாவதால் இவ்வளவு ஆதாயம் என்றால் நானும் சாகிறேன் என்று முடிவு செய்தேன். விடியற்காலையில் கிணற்றுத் தண்ணீரை என் பாயில் தலை, தோள், முழங்கால் என்று உருவமாக ஊற்றினேன். ஓவியத் திறமை போதாமல் முழங்கால் நாலு வந்துவிட்டது. பிறகு அதன்மேல் படுத்துக்கொண்டு, "அத்தை... பசிக்குது... வேர்க்குது..." என்று முனகினேன். அத்தை வந்து பாயை ஒரு விரலால் தொட்டு, அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இது கெணத்துத் தண்ணி. வேர்வைன்னா உப்புக் கரிக்கணும். எழுந்திர்றா!"

"நான் சாகப்போறேன், அத்தை."

"நீயா? நீ சாகமாட்ட. நீ இருந்து எங்களச் சாவடிப்ப."

அத்தையின் ஜோசியங்களில் பலித்தது இது ஒன்றுதான். அன்றும் விளக்கெண்ணெய்தான் கிடைத்தது.

தை பிறந்தது, போனது. சித்தி சாகவில்லை. இளைப்பு அப்படியே நின்றுவிட்டது. கன்னத்தில் கொஞ்சம் சதைகூட ஒட்டியது. வியர்வையும் முறைப்பும் மட்டும் குறையவில்லை. அத்தைக்குப் பொறுமை போயிற்று. கெட்ட மனசில்லை, ஆனால் சாகப்போகிறவளுக்கு என்று திறந்த கையை எத்தனை மாதம் திறந்தே வைத்திருப்பது? ஒரு சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு வேலிக்குப் போனாள். பீபிக் அந்தப்பக்கம் சமையல் வாசனைக்குப் பண்டான் இலை பறித்துக்கொண்டிருந்தார். அத்தைக்கு மலாய் நாலு வார்த்தை தெரியும். அதில் இரண்டை எடுத்து வீசினாள்.

"பீபிக்! பிலா மாத்தி?" எப்போது சாவு என்று அர்த்தம்.

பீபிக் கையிலிருந்த இலையெல்லாம் கீழே விழுந்தது. "மாத்தி? சியாப்பா மாத்தி?"

யார் சாவது என்று கேட்கிறார். அத்தை வேலியில் கிடந்த சித்தியின் பாயைக் காட்டினாள்.

"அலாமாக்! புக்கான் மாத்தி! சாக்கா! இனி சாக்கா!"

அத்தை என் பக்கம் திரும்பினாள். "பாத்தியா, இன்னும் சாக, சாகங்குறாங்க. எப்பன்னுதான் சொல்லமாட்டேங்குறாங்க!"

எனக்கு அது சரியாகவே புரிந்தது. நான் கம்பத்துப் பிள்ளைகளோடு நாளெல்லாம் கோலி ஆடுபவன். 'புக்கான் மாத்தி' என்றால் 'சாவு இல்லை'. 'இனி' என்றால் மலாயில் 'இது'. 'சாக்கா' என்றால் முன்னோர்களிடமிருந்து குடும்பத்தில் வழிவழியாக இறங்கிவரும் ஆவி. அது பிடித்தவர் அள்ளி அள்ளித் தின்பார், உடம்பில் ஒட்டாது. பீபிக் சொன்னது சாவு இல்லை, பேய். (உங்களைச் சகாக்களே என்று கூப்பிட்டேன், எந்த மொழியில் எடுத்துக்கொள்வது என்பது உங்கள் இஷ்டம்.)

பேய் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். பேய்க்கு அத்தையிடம் ஒரே வைத்தியம்தான்: வேப்பிலையும் பட்டினியும். பசி தாங்காமல் பேயே ஓடிவிடும் என்பாள். மேலத்தெருவில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் செய்தார்கள். பேய் ஓடியதா தெரியாது, அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை.

அதற்குள் சித்தி ஓடிவந்துவிட்டாள். மூச்சு வாங்க, வியர்வை சொட்ட, வேலியோரம் எங்களுக்கு நடுவில் நின்றாள். எங்கள் வீட்டுப் பெரியவர்களில் இரண்டு மொழியும் சுத்தமாக வந்தது அவளுக்கு மட்டும்தான். அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது: அது 'சாக' இல்லை, 'சாக்கா' என்று இவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

பீபிக் மலாயில் பொரிந்தார். சாக்காவைக் கோபப்படுத்தக் கூடாது, பட்டினி போடக் கூடாது, முட்டையும் மஞ்சள் சோறும் படைக்க வேண்டும், வேறு வீட்டுக்கு அனுப்பினால் அதுவும் கூடவே போய் அங்கே ஆட்டம் போடும்.

"என்னடி சொல்றாங்க?"

"நாள் குறிக்க முடியாதாம், அத்தை. நல்லாப் போட்டா தள்ளிப்போவுமாம். முட்டை, மஞ்சச் சோறு. வேற வீட்டுக்கு அனுப்பினா ஒடனே ஆயிருமாம்."

"தெலோர்னாங்க, அது எனக்கே கேட்டுச்சு. முட்டைதான்." அத்தை கண்ணைச் சுருக்கினாள். "ஆனா நீ சொல்றத எப்படி நம்புறது? டேய், நீதான் அந்தப் புள்ளைங்களோட திரியிறியே. இவ சொன்னது சரியா?"

சித்தி என்னைப் பார்த்தாள். அவள் அத்தனை மாதமும் சும்மா பார்த்ததையெல்லாம் முறைப்பு என்று நாங்கள் நினைத்திருந்தோமே, எவ்வளவு முட்டாள்தனம்! முறைப்பு என்றால் என்ன என்று அன்றுதான் பார்த்தேன்.

"சரிதான், அத்தை" என்றேன். உண்மையை விழுங்கிவிட்டு நான் செய்த உருப்படியான காரியம் என் ஆயுளில் அது ஒன்றுதான். என் மனைவியைக் கேட்டால், அதுகூட இல்லை என்பாள்.

அன்றிலிருந்து முட்டையில் எனக்குப் பாதி. சித்தி பாவாடை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்து, உரித்த முட்டையை அறுப்பாள். கை நடுங்கும். நூல் கோணிக்கொண்டு போகும். எப்போதும் ஒரு பாதி பெரிது, ஒன்று சிறிது. சிறிது எனக்கு.

"ஏமாத்துற, சித்தி."

"கை அப்படிப் போவுதுடா."

"எப்பவும் உன் பக்கமேவா போவும்?"

"சாகப்போறவகிட்டப் பேசுற பேச்சா இது?"

உலகச் சண்டை முடிந்து, ஜப்பான்காரன் போய், ஆஸ்பத்திரியில் பழையபடி மருந்து வந்ததும் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். டாக்டர் ஒருவர் அவள் கழுத்தைத் தடவி விழுங்கச் சொன்னார். கையை நீட்டச் சொல்லி விரல்மேல் ஒரு தாளை வைத்தார். தாள், காற்றில் அகப்பட்ட வாழையிலை மாதிரி படபடத்தது. கழுத்துச் சுரப்பி கட்டுமீறி ஓடுகிறது, வியர்வை, பசி, இளைப்பு, கண், கை எல்லாம் அதன் வேலை என்றார். "இந்தப் பஞ்சத்தில் இந்த நோயை வைத்துக்கொண்டு எப்படித் தாங்கினாய்?" என்று கேட்டார்.

"நான் சாகப்போறவளா இருந்தேன், டாக்டர். அதான் பொழைச்சேன்" என்றாள் சித்தி. அவருக்கு விளங்கவில்லை. மருந்து கொடுத்து, பிறகு அறுவை சிகிச்சையும் செய்தார்கள். கழுத்தில் மெல்லிய சங்கிலி மாதிரி ஒரு தழும்பு நின்றது.

வீட்டுக்கு வந்த அன்று அவள் ஒரு முட்டையை அவித்து, நூலை இழுத்துப் பிடித்தாள். நூல் நேராக இறங்கியது. இரண்டு பாதிகளையும் உள்ளங்கைகளில் வைத்து நீட்டினாள்.

"எது பெருசு, இப்ப சொல்லுடா."

என்னால் சொல்ல முடியவில்லை.

சித்தி பிடித்தவரைக் கட்டிக்கொண்டு, பேரன் பேத்தி பார்த்து, எண்பதைத் தாண்டித்தான் போனாள். அத்தை பல வருஷம் முன்னாலேயே போய்விட்டாள், கடைசிவரை பீபிக்கைக் குறைசொல்லாமல். "சொன்னது சரிதான், நாள்தான் கொஞ்சம் தள்ளிப்போச்சு" என்பாள். அகப்பை எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

இத்தனையும் நினைத்துச் சிரித்துவிட்டு, முறைத்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவிடம், "இனி சாக்கா, டாக்டர்" என்றேன். அவர் கையை வெடுக்கென்று எடுத்துவிட்டு, அப்புறம் சிரித்தார். ரத்தம் பார்த்தார், படம் எடுத்தார். சுரப்பி ஒழுங்கு, நுரையீரல் சுத்தம். வியர்க்கும்போது சர்க்கரை என்ன என்று பார்க்கச் சொன்னார், தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கிளினிக்கில் நல்ல சர்க்கரை அளவு காட்ட வேண்டும் என்பதற்காக, மாத்திரையைப் போட்டுக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்ட மகா புத்திசாலி நான்தான். ஜப்பான்காரன்கூட வேண்டியதில்லை, பஞ்சத்தை நானே வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறேன். மாத்திரையைக் குறைத்து, கட்டிலருகே சர்க்கரை வைத்துக்கொள்ளச் சொல்லி, சாப்பாட்டை விட்டால் தெரியும் சேதி என்று மலாயில் வைது அனுப்பினார். என் ரொட்டியை இழுத்துக்கொண்ட மனிதர் இதைக் கவனத்தில் வைக்கவும்.

வீட்டில் மனைவி, "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றாள்.

முகத்தை நீளமாக வைத்துக்கொண்டு, "இனி... சாக..." என்றேன்.

அவள் அடுப்பிலிருந்து தலையைத் திருப்பவே இல்லை. "அதுக்கு முந்தி பசியாறிட்டுப் போங்க" என்று சோற்றோடு ஒரு அவித்த முட்டையையும் தட்டில் வைத்தாள்.

சட்டை ஓரத்தில் ஒரு நூலை உருவி இழுத்துப் பிடித்தேன். கை இன்னும் நிலைக்கு வரவில்லை. நூல் கோணிக்கொண்டு போனது. பெரிய பாதியை எடுத்துத் தட்டின் அந்தப் பக்கம் வைத்தேன், எப்போதும் பெரிய பாதியை எடுத்துக்கொண்டவளுக்காக.

பிறகு அதையும் நானே தின்றுவிட்டேன். பசி.